இரண்டாவது வாய்

மேடையில் எனக்கென்று சொந்த வாய் கிடையாது. வெளிநாட்டுப் போதகர் ஒரு வரி பேசி நிறுத்துவார். அதை நான் தமிழில் சொல்ல வேண்டும். அவர் கையை உயர்த்தினால் நானும் உயர்த்துவேன். அவர் குரல் தழுதழுத்தால் என் குரலும் கொஞ்சம் இறங்கும். அவர் ஆறடி இரண்டங்குலம், நான் ஐந்தடி நாலு. பக்கத்தில் நிற்கும்போது அசலும் ஜெராக்ஸும் மாதிரி இருப்போம், அதுவும் சின்னதாக்கி எடுத்த ஜெராக்ஸ். சபையில் எனக்கு ‘ரெண்டாவது வாய்’ என்று பெயர்.

அந்த வாய் பத்து வருஷமாகச் சொல்லிவந்த பொய் ஒரு சனிக்கிழமை காலையில் மாட்டிக்கொண்டது.

பாஸ்டர் தன் அறைக்குக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். அவர் என் அக்காவின் கணவர். வீட்டில் நான் அவரை மாமா என்பேன், அவர் என்னை மாப்ள என்பார். சபையில் நான் பாஸ்டர் என்பேன், அவர் தம்பி என்பார். அன்றைக்குக் கதவைத் திறந்ததுமே, “வாங்க பிரதர், உக்காருங்க” என்றார். அவர் யாரையாவது பிரதர் என்று அழைத்தால் அடுத்த வாரம் அந்த ஆளுக்காகச் சபையே ஜெபித்துக்கொண்டிருக்கும்.

உள்ளே டீச்சர் உட்கார்ந்திருந்தார். ஆறு மாதம் முன்பு சபையில் சேர்ந்தவர். போதகர் பேசுகிற அந்த மொழியைப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுப்பதுதான் அவர் வேலை. இது எனக்குத் தெரிந்த அன்றைக்கே நான் ஊரை விட்டு ஓடியிருக்க வேண்டும். அவர் மடியில் தாள்கள், தாள்களில் சிவப்பு மை.

செல்போனில் ஒரு பதிவை ஓடவிட்டார். மூன்று வருஷம் முந்தைய கூட்டம். போதகரின் குரல் வந்தது, பிறகு என் குரல். நிறுத்தினார்.

“இதுல அவர் சொன்னது என்னண்ணா?”

எனக்கு மறக்கவில்லை. “ஒரு கையில மாத்திரையை வெச்சுக்கிட்டு இன்னொரு கையை ஜெபத்துல தூக்கறவன் தேவனை அவமானப்படுத்தறான்.”

“நீங்க சொன்னது?”

“ஒரு கையில மாத்திரை, இன்னொரு கையில ஜெபம். ரெண்டு கையும் அவர் படைச்சதுதான்.”

“இந்த மாதிரி நாப்பத்தொண்ணு இருக்கு. மூணு வருஷப் பதிவுல மட்டும்.”

நாற்பத்தொன்றா! ஒரு இருபது இருக்கும் என்று நினைத்திருந்தேன். அந்த நிலைமையிலும் உள்ளுக்குள் ஒரு அற்பப் பெருமை எட்டிப் பார்த்ததை ஒத்துக்கொள்கிறேன்.

முதல் பொய்யை வேண்டுமென்று சொல்லவில்லை. பத்து வருஷம் முன்பு, இதே போதகர், ‘பிள்ளையைப் பறிகொடுத்தவர்களே, அது உங்கள் அவிசுவாசத்தின் விலை’ என்றார். முன்வரிசையில் எங்கள் வெல்டர் அண்ணன் உட்கார்ந்திருந்தார். மகளை அடக்கம் செய்து இருபது நாள்கூட ஆகவில்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ‘உங்கள் கண்ணீரில் ஒரு சொட்டையும் அவர் தவறவிடவில்லை’ என்று என் வாய் சொல்லிவிட்டது. வெல்டர் அண்ணன் அன்றைக்குத்தான் முதல்முறையாக அழுதார். போதகர் தன் பேச்சுதான் வேலை செய்தது என்று என் தோளைத் தட்டினார். அப்புறம் பழகிவிட்டது. பாஸ்டருக்கு அந்த மொழியில் இரண்டே வார்த்தைதான் தெரியும். ஒன்று வணக்கம், இன்னொன்று அல்லேலூயா. அது எல்லா மொழியிலும் ஒன்றுதான்.

“ஏன் பிரதர்?”

“மாமா, அவர் சொல்றதை அப்படியே சொன்னா…”

“இங்க மாமா இல்ல.” அவர் கத்தியிருந்தால் தேவலை. மேஜை விளிம்பைத் தடவிக்கொண்டே பேசினார். “சுகம் சிலுவையிலயே முடிஞ்சுபோன காரியம். மருந்தைத் தேடிப் போறது, இன்னும் முடியலைன்னு சொல்றது. இது என் விசுவாசம். உங்களுக்குப் பிடிக்கலைன்னா மேடையை விட்டு இறங்கி வந்து என் சட்டையைப் பிடிச்சிருக்கணும். பழைய சபையை விட்டு ஏன் வெளிய வந்தோம்? வாய் ஒண்ணு சொல்லுது, மனசு ஒண்ணு நினைக்குதுன்னுதானே? அந்த வாய் என் மேடையிலேயே நின்னுட்டிருந்திருக்கு.”

எதிராளி மேல் எரிச்சல் வருவதே இந்த மாதிரி நேரத்தில்தான். அவர் பக்கம் நியாயம் இருக்கும்போது. அந்த எரிச்சலை டீச்சர் மேல் திருப்பினேன்.

“அப்ப நாளைக்குக் கூட்டத்துல நீங்களே பேசிடுங்களேன் டீச்சர். எனக்கும் கால் வலி மிச்சம்.”

“மாட்டேன்.” கைப்பையைத் திறந்து இன்ஹேலரை எடுத்து மேஜை மேல் வைத்தார். “எனக்கு ஆஸ்துமா. இதை விடணும்னு நான் நம்பல. பாஸ்டர்கிட்டயே சொல்லிட்டேன். நான் நம்பாததை என் வாயால சொல்ல மாட்டேன். ஆனா அண்ணா, அவர் சொன்னது தப்பு. நீங்க சொன்னது பொய். நடுவுல உக்காந்துட்டு நான் எதுக்கு ஆமென் சொல்றது?”

பாஸ்டர் எழுந்தார். “நாளைக்கும் நீங்கதான் நிக்கறீங்க. கூட்டறதும் கிடையாது, குறைக்கறதும் கிடையாது. டீச்சர் முன்வரிசையில இருப்பாங்க. ஒரு வரி மாறினாலும் எழுந்து நிக்கச் சொல்லிட்டேன்.” கதவு வரை வந்தவர், குரலைத் தணித்தார். “இன்னொண்ணு. நாளைக்கு உங்கக்கா அவ மாத்திரையைப் பெட்டியில வைக்கறா.”

பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் சபையில் அதற்குச் சாட்சிப் பெட்டி என்று பெயர். ஆளுயரக் கண்ணாடிப் பெட்டி, கீழே சக்கரம். வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் சுகமளிக்கும் கூட்டத்தில் அதை மேடைக்கு முன்னால் உருட்டிக்கொண்டு வருவார்கள். யாருக்குச் சுகம் கிடைத்ததோ அவர் தனக்கு இனித் தேவைப்படாததை அதில் வைக்க வேண்டும். இரண்டு ஊன்றுகோல் இருக்கிறது, ஒரு இடுப்புப்பட்டை இருக்கிறது. மற்றபடி முழுக்க மூக்குக்கண்ணாடிகள்.

அவற்றில் பெரும்பாலானவை நான் செய்தவை. நான் கண்ணாடிக்கடைக்காரன். கூட்டம் முடிந்த திங்கட்கிழமை என் கடையில் கால் வைக்க இடம் இருக்காது. விசுவாசிகள் ஒவ்வொருவராக, தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே நுழைவார்கள். “ஒரு ஃப்ரெண்டுக்குக் கண்ணாடி வேணும்” என்பார்கள். ஃப்ரெண்டின் பவரும் அவர்கள் பவரும் கால் புள்ளிகூட மாறாது. நான் எதுவும் கேட்பதில்லை. இதைப் பெருந்தன்மை என்று சொல்லிக்கொள்வேன். கோழைத்தனம் என்பதைவிட அது கேட்க நன்றாக இருக்கிறது.

பெட்டியில் முதன்முதலாக விழுந்தது பாஸ்டருடைய கண்ணாடி. ஒன்பது வருஷம் ஆகிறது. அதற்கு மறுவாரமே அக்கா வந்து அவருக்கு இன்னொன்று வாங்கிப்போனாள். வீட்டுக்குள் மட்டும் போட்டுக்கொள்கிறார். மேடையில் அவர் வைத்துக்கொள்ளும் குறிப்புத்தாளில் ஒவ்வொரு எழுத்தும் ஒரு பல்லி அளவு இருக்கும். அதற்காக அவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்ல மாட்டேன். சுகம் கிடைத்தாகிவிட்டது, கண்ணுக்குத்தான் இன்னும் தகவல் வந்து சேரவில்லை என்று மனதார நம்புகிறவர்.

கண்ணாடி இல்லாவிட்டால் எழுத்து மங்கும், அவ்வளவுதான். அக்காவின் சமாச்சாரம் அப்படியில்லை. பதினாலு வயதிலிருந்து அவளுக்கு வலிப்பு. ஒருமுறை அடுப்புப் பக்கம் விழுந்து, இடது முழங்கைக்குக் கீழே இன்றைக்கும் தோல் சுருங்கிக் கிடக்கிறது. இந்த மாத்திரைக்கு மாற்றிய பிறகுதான், காலை ஒன்று, மாலை ஒன்று, நாலு வருஷமாக ஒரு தடவைகூட வரவில்லை.

மத்தியானம் அவள் வீட்டுக்குப் போனேன். சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“வாடா ரெண்டாவது வாய். முதல் வாய் எப்ப வர்றாரு?”

“சாயந்திரம் விமானம்.” ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டேன். “அக்கா, மாத்திரையை நிறுத்தப் போறியாமே.”

“அவர் சொன்னாரா? நானேதான் சொன்னேன். நாலு வருஷமா வரலையேடா.”

“மாத்திரை போட்டதாலதான் வரல.”

“இருக்கலாம். இல்லாமயும் இருக்கலாம்.” ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அலமாரியிலிருந்து நீல அட்டை நோட்டை எடுத்தாள். போதகர்கள் சொன்னதில் மனதுக்குப் பிடித்ததை எழுதிவைக்கும் நோட்டு. பெண்கள் கூட்டத்தில் அதை வைத்துத்தான் பேசுவாள். “இதைப் பாரு. ‘ரெண்டு கையும் அவர் படைச்சதுதான்.’ இவர் சொன்னதுதானே? மத்தவங்க மாதிரி மாத்திரையைத் தூக்கிப் போடுன்னு கத்தல பாரு. நிதானமான மனுஷன். அதனால யோசிச்சேன். நாளைக்கு அதே ஆள், போதும் விட்டுடுன்னு சொன்னா விட்டுடறேன். சொல்லலைன்னா விட மாட்டேன். வேற யார் சொன்னாலும் கேக்க மாட்டேன், உங்க மாமா சொன்னாலும்.”

நோட்டைப் புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் நான். ‘பயப்படறது பாவமில்ல.’ நான். ‘தூங்கறதும் ஒரு ஜெபம்தான்.’ நான், மூன்று மணி நேரக் கூட்டத்தில் தூக்கம் சொக்கியபோது சொன்னது. ஒவ்வொன்றுக்குக் கீழும் போதகர் பெயரும் தேதியும் அழகான கையெழுத்தில்.

அப்போதுதான் உறைத்தது. அவர் பேச்சை யாரையும் சுடாதபடி ஆற்றி ஆற்றிக் கொடுத்ததாக நினைத்திருந்தேன். இவளை அவர் கையில் பிடித்துக் கொடுத்ததே நான்தான். அவர் பேசியதை அப்படியே பேசியிருந்தால் அக்கா பத்து வருஷம் முன்பே, ‘போய்யா’ என்று எழுந்து போயிருப்பாள்.

சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். கண் கலங்கிவிட்டது.

“என்னடா?”

“வெங்காயம்.”

“நான் உருளைக்கிழங்குடா நறுக்கறேன்.”

எழுந்து வந்துவிட்டேன். மற்றவர்களுக்காகத்தான் எனக்கு வாய் இருக்கிறது என்று முதலிலேயே சொன்னேனே.

ஞாயிறு காலை பத்து மணிக்கு மண்டபம் நிரம்பிவிட்டது. முன்பு டயர் கிடங்காக இருந்த இடம். வெயில் ஏறினால் இன்னும் ரப்பர் வாசனை வரும். முன்வரிசையில் டீச்சர், மடியில் தாள், கையில் பேனா. அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளி அக்கா, மடியில் நீல நோட்டு, அதன் மேல் மாத்திரை அட்டை. பெட்டியை உருட்டிவந்து நிறுத்தினார்கள். உள்ளேயிருந்து நாற்பது கண்ணாடிகள் என்னைப் பார்த்தன.

போதகர் ஆரம்பித்தார். நான் தொடர்ந்தேன். அவர் சொன்னதை, சொன்னபடியே. வியாதிக்காரன் வீட்டில் சந்தேகம் குடியிருக்கிறது என்றார்; சொன்னேன். மருத்துவரிடம் ஓடுகிறவன் கடவுளுக்கு முதுகைக் காட்டுகிறான் என்றார், சொன்னேன். வெல்டர் அண்ணன் நிமிர்ந்து என்னை விசித்திரமாகப் பார்த்தார். டீச்சர் பேனா அசையவில்லை. அக்கா நோட்டைத் திறந்து வைத்திருந்தாள், ஆனால் எதையும் எழுதவில்லை. முகத்தில் ஒரு குழப்பம். நம்பிக்கையான கடையில் வாங்கிய சாமான் சரியில்லாதபோது வருமே, அது.

பிறகு அந்த வரி வந்தது. மூன்று வருஷத்துக்கு முன் சொன்ன அதே வரி, அதே மூச்சு இடைவெளியோடு. ஒரு கையில் மாத்திரை, இன்னொரு கை ஜெபத்தில். அதன் வாலில் ஒரு கட்டளை: இன்றே விட்டுவிடு, கொண்டுவா.

நான் பேசவில்லை.

போதகர் மறுபடி சொன்னார். நான் பேசவில்லை. மைக் வேலை செய்யவில்லை என்று நினைத்து அவரே என் மைக்கைத் தட்டிப் பார்த்தார். டொக், டொக் என்று மண்டபம் முழுக்கக் கேட்டது. பின்னால் யாரோ இருமினார்கள். ஒரு குழந்தை, “அங்கிள் மறந்துட்டாரு” என்றது.

“பிரதர்,” பாஸ்டர் மேடை ஓரத்திலிருந்து பல்லைக் கடித்தபடி சொன்னார், “சொல்லுங்க.”

சொன்னேன். ஒரு வார்த்தை குறையாமல். “…தேவனை அவமானப்படுத்தறான். இன்னைக்கே விட்டுடு. கொண்டுவா.”

டீச்சர் உட்கார்ந்தே இருந்தார். அக்கா எழுந்தாள். நோட்டை இடுக்கிக்கொண்டு, மாத்திரை அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, பெட்டியை நோக்கி நடந்தாள். எட்டு அடி தூரம் இருக்கும். சபை கைதட்ட ஆரம்பித்தது.

“அக்கா, நில்லு.”

நின்றாள். கைதட்டலும் நின்றது.

“இப்ப சொன்னது அவர் சொன்னது. மூணு வருஷம் முன்னாடியும் அவர் இதையேதான் சொன்னாரு. ரெண்டு கையும்னு சொன்னது நான். அவரில்ல, நான்…”

பாஸ்டர் கையை அசைத்தார். என் மைக் செத்தது. என் சொந்தக் குரல் நாலாவது வரிசையைத் தாண்டாது. பத்து வருஷமாக மைக்கில் வாழ்ந்தவன். பின்வரிசையில் “என்னவாம்? என்ன சொல்றாரு?” என்று சலசலப்பு.

டீச்சர் எழுந்து, கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி நின்றார். நாற்பது பேர் உள்ள வகுப்பைப் பெஞ்சில் உட்காரவைத்துப் பழகிய தொண்டை.

“அவர் சொல்றாரு: ரெண்டு கையும்னு சொன்னது போதகர் இல்ல, அவர்.”

நான் தொடர்ந்தேன். அவர் தொடர்ந்தார்.

“பத்து வருஷமா மாத்திச் சொன்னேன்.”

“பத்து வருஷமா மாத்திச் சொன்னாராம்.”

“உங்களைக் காப்பாத்தறதா நினைச்சேன்.”

“நம்மளைக் காப்பாத்தறதா நினைச்சாராம்.”

“நான் பொய்யன்.”

“அவர் பொய்யர்.” கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. கொஞ்சம் குறைத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

போதகர் என் தோளைத் தொட்டு என்ன நடக்கிறது என்று அவர் மொழியில் கேட்டார். பாவம், அவருக்கு மொழிபெயர்க்க ஆளில்லை.

அக்கா நோட்டைத் திறந்தாள். அவளுக்கும் மைக் தேவைப்படவில்லை.

“‘பயப்படறது பாவமில்ல.’ இது யாரு?”

“நான்.”

“‘தூங்கறதும் ஒரு ஜெபம்தான்’?”

“நான்தான்க்கா.”

“‘உன் சத்தம் சின்னதா இருந்தாலும் அவர் காது பெருசு’?”

“அது… அது அவர். நிஜமாவே.”

அக்கா டீச்சரைப் பார்த்தாள். “ஆமா சிஸ்டர்,” என்றார் டீச்சர், “அது அவர் சொன்னதுதான். நல்லாவே சொன்னாரு.”

யாரும் சிரிக்கவில்லை. அக்காவின் கை நடுங்கியது. எனக்குப் பயம் வந்தது; அவளுக்கு வலிப்பு வருவதற்கு முன்னால் அந்தக் கைதான் முதலில் நடுங்கும். பாஸ்டரும் அதைப் பார்த்துவிட்டார். மேடையிலிருந்து ஒரே தாவலில் குதித்து இறங்கி அவள் பின்னால் போய் நின்றார், விழுந்தால் பிடிக்கிற மாதிரி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு. அவள் விழவில்லை. கோபம்தான்.

“நல்லதுக்குத்தான் சொன்னே,” என்றாள் என்னிடம். “அதான்டா எனக்கு ஆத்திரம். கெட்டதுக்குச் சொல்லியிருந்தா எப்பவோ கண்டுபிடிச்சிருப்பேன். அந்த மனுஷன் என்ன சொன்னாருன்னு தெரிஞ்சிருந்தா நானே அவர்கிட்டச் சண்டை போட்டிருப்பேன். எனக்கு வாயில்லன்னு உனக்கு யாருடா சொன்னா?”

பெட்டியின் கதவைத் திறந்தாள். நீல நோட்டை உள்ளே, கண்ணாடிகளின் மேல் வைத்தாள். ஒரு ஃப்ரேம் நழுவி விழுந்தது. மாத்திரை அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

“அது…” என்றார் பாஸ்டர், மிக மெதுவாக.

“தேவைப்படாததைத்தானேங்க இதுல வைக்கணும்? இது எனக்குத் தேவைப்படுது.” பெட்டியை மூடினாள். “உங்களுக்கும் ஒண்ணு தேவைப்படுது. வீட்டுல அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால ஒளிச்சு வெச்சிருக்கேன், ஒன்பது வருஷமா.”

நடு வழியில் நடந்து வெளியே போய்விட்டாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை கடைக்கு ஒருவரும் வரவில்லை. அதற்கடுத்த வாரம் இரண்டு பேர், ஃப்ரெண்டு இல்லாமல், தங்களுக்கே என்று சொல்லிக் கேட்டார்கள். சபையில் பாதிப் பேர் நான் செய்தது துரோகம் என்கிறார்கள், மீதிப் பேர் போதகரை இனிக் கூப்பிடக் கூடாது என்கிறார்கள். வெல்டர் அண்ணன் மட்டும் கடைவாசல் வரை வந்து, “அந்தக் கண்ணீர்ச் சொட்டும் நீதானா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்படியே திரும்பிப் போனார். மன்னித்தாரா என்று தெரியாது. கேட்கத் தைரியமில்லை.

அக்கா என்னோடு பேசவில்லை. பன்னிரண்டாம் நாள் காலை பாஸ்டர் வந்தார், தெருவை இரண்டு பக்கமும் பார்க்காமல்.

“மாப்ள,” என்றார். எனக்குப் பாதி உயிர் வந்தது. “பவரைப் பாரு. சுகம் வந்துடும், அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. வர்ற வரைக்கும் போட்டுக்கற மாதிரி ஒண்ணு.”

“வீட்டுலயா?”

“மேடையிலதான்.”

நாற்காலியில் உட்காரவைத்து, லென்ஸ் மாற்றிப் பார்க்கும் சட்டத்தை அவர் மூக்கில் மாட்டினேன். ஒரு கண்ணை மூடினேன்.

“உங்கக்கா ஒண்ணு சொல்லச் சொன்னா,” என்றார். “அப்படியே சொல்றேன். ‘மாத்திரை ரெண்டு வேளையும் போடறேன். இனிமே எனக்காக எவன்கிட்டயாவது பொய் சொன்னே, பல்லைப் பேத்துடுவேன்.’ அவ்வளவுதான்.”

“கோபம் குறைஞ்சிருக்குன்னு ஏதாவது…?”

திறந்திருந்த ஒற்றைக் கண் என்னைப் பார்த்தது. ஆறுதலாக ஒரு வரி, ஒரே ஒரு வரி சேர்த்துச் சொல்லிவிடலாமா என்று அவருக்கு நாக்கு துறுதுறுத்ததை என்னால் பார்க்க முடிந்தது. அந்தத் துறுதுறுப்பை என்னைவிட நன்றாக அறிந்தவன் யார்?

“இல்ல மாப்ள,” என்றார். “அப்படி ஒண்ணும் சொல்லல.”

தலையாட்டினேன். லென்ஸை மாற்றினேன்.

“இது தெளிவா மாமா, முன்ன பார்த்தது தெளிவா?”